மனுதாரர் பெயர்

சோபா வாசற்கதவில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றது. ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். "கொஞ்சம் சாய்ங்க, இல்ல இல்ல, உங்க பக்கம் தூக்குங்க" என்று அவர் சொல்லச் சொல்ல இவன் தூக்கினான், சாய்த்தான், விரலை நசுக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அக்காவைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும். இந்தச் சோபாவை வாங்கி வந்த அன்றும் இதே வாசலில் இதே மாதிரிதான் மாட்டிக்கொண்டது. "அளவு பாக்காம வாங்கினது யாரு?" என்று அன்றைக்கு அக்கா கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

"மாமா, கொஞ்சம் நகருங்க."

அக்காவின் கணவர் நகரவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவருக்குப் போன் வந்தது. அப்போது கையில் எடுத்த வேன் சாவியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"கடையில ஜெராக்ஸ் மெஷினுக்குள்ள யாரோட சர்டிபிகேட்டோ ஒண்ணு அப்படியே இருக்குடா" என்றார். "மூடியத் திறந்து எடுக்கறதுக்குள்ள விழுந்துட்டாளாம். யாராவது தேடிக்கிட்டு வருவாங்க."

"அப்புறம் பாத்துக்கலாம் மாமா."

"ஒரிஜினல்டா" என்றார் அவர்.

ஒருவழியாகச் சோபா வெளியே வந்து நடையில் சுவரோரமாக உட்கார்ந்தது. தம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் வேலை பார்க்கும் நகர அலுவலகத்தின் ஆபீசர்.

"என்னப்பா, கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல. நேத்து மத்தியானம்கூடப் பாத்தேன், கடையிலேர்ந்து கைய ஆட்டினாங்க. அதுக்குள்ள இப்படியா?"

"ஆமா சார்."

"நீ எதையும் யோசிக்காத. ஒரு வாரம் லீவு எடுத்துக்க. நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் இடைவெளி விட்டார். "வரும்போது அந்த இறப்புச் சான்றிதழ் ஒரு காப்பி மட்டும் எடுத்துட்டு வந்துடு. அவசரம் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள யார்கிட்டயாவது குடுத்து அனுப்பினாக்கூடப் போதும்."

"எதுக்கு சார்?"

"அந்தத் தண்ணித்தொட்டி விஷயம்தான். வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்காங்கல்ல. மனுதாரரே இல்லன்னா அது தானா முடிஞ்சிடும். நாம எதுக்கு அங்க போய்க் கையக் கட்டி நிக்கணும்? தப்பா எடுத்துக்காதப்பா."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று தம்பிக்குத் தெரியவில்லை. "சரி சார்" என்று சொல்லிப் போனை வைத்தான். பல வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்ன சரி அது.

ஆபீசரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தம்பியின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவனுக்கு முன்னால் கவலைப்படுகிறவர். ஆனால் ஒரு கோப்பு மூடப்போகிறது என்றால் பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்துவிடும். ஊருக்கெல்லாம் காப்பி எடுத்துக் கொடுத்தவளின் சாவுக்கும் ஒரு காப்பி கேட்கிறாரே என்று நினைத்தபோது தம்பிக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

வண்டி வந்தது. நாலு பேராக இறக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். அக்கா நேற்றைய பூப்போட்ட சேலையிலேயே இருந்தாள். வலது கை ஆட்காட்டி விரலில் மெஷின் மை அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. அது போகாது என்று தம்பிக்குத் தெரியும். பல வருட மை.

நகர அலுவலகத்தின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அக்கா அதை ஆரம்பித்தபோது காப்பி எடுப்பது மட்டும்தான் வேலை. ஆனால் படிக்காமல் காப்பி எடுக்க அவளுக்குத் தெரியாது. சாலை போடவில்லை, விளக்கு எரியவில்லை, ரேஷன் அட்டை வரவில்லை என்று ஜனங்கள் எழுதிக்கொண்டு வருகிற மனுக்களை மெஷினில் வைப்பதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பாள். "இதுல நீங்க திட்டியிருக்கீங்க, அழுதிருக்கீங்க, எல்லாம் சரிதான். ஆனா ஒண்ணும் கேக்கலயே" என்பாள்.

தகவல் கேட்கும் சட்டம் என்று ஒன்று வந்தது. அலுவலகத்தில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஆனால் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். 'ஏன்' என்று கேட்டால் அலுவலகம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஜனங்களுக்கோ 'ஏன்' என்பதைத் தவிர வேறு கேள்வியே வராது. ஏன் எங்கள் தெருவை மட்டும் விட்டீர்கள், ஏன் என் பெயரை எடுத்தீர்கள். அப்படிக் கேட்ட மனுக்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அக்கா அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து முழுசாகப் பேசவிடுவாள். வைகிறவர்கள் வைது முடிக்கட்டும், அழுகிறவர்கள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். அப்புறம்தான் கேட்பாள்: "சரி, இதுல எந்தக் காகிதம் வேணும்?" அதை மட்டும் ஒரு வரியில் எழுதிக் கொடுப்பாள். அந்த ஒரு வரிக்கு அலுவலகம் ஆடிப்போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாலைக்கு அந்தப் பக்கம் அந்த மனுக்களை வாங்கிச் சீல் போடும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் தம்பி. காலையில் அக்கா ஜன்னலுக்கு வந்து, "சார், ஒப்புகைச் சீட்டு வேணும்" என்பாள். அவனும் முகத்தை நிமிர்த்தாமல், "கொஞ்சம் இருங்கம்மா" என்பான். சாயங்காலம் வீட்டில், "டேய், இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா" என்று தட்டில் சோறு விழும். இத்தனை வருடங்களில் அலுவலகத்துக் காகிதம் ஒன்றைக்கூட அவள் வீட்டில் வைத்துக் கேட்டதில்லை. சாலையைத் தாண்டினால் அவள் வேறு ஆள், அவன் வேறு ஆள். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் நடை நிறைந்துவிட்டது. சோபாவில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படி முழுக்க ஆட்கள். முக்கால்வாசிப் பேரைத் தம்பி ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறான். கம்பி இல்லாமல் பார்க்கும்போது ஒருவரையும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தவளை மட்டும் தெரிந்தது. துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். சந்தைக்குப் பின்னால் நகர அலுவலகம் வாடகைக்கு விட்டிருக்கும் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருப்பதால் அக்கா அவளுக்கு மூணாம் மாடிக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். அவளுடைய கூரைக்கு நேர் மேலேதான் அந்தத் தண்ணீர்த் தொட்டி.

தொட்டியில் விரிசல். ஒரு நாள் பொறியாளர் வந்து ஏறிப் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று அங்கே குடியிருக்கும் யாருக்கும் தெரியாது. கேட்கவும் பயம். வீடு அலுவலகத்துடையது, வருஷா வருஷம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதே அலுவலகம்தான். மனுவில் பெயர் போட்டால் அடுத்த வருடம் வீடு இருக்குமா? கடையில் வந்து எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றபோது அக்கா சொன்னாள்: "பேர் போடத்தான பயம்? என் பேரு சும்மாதான இருக்கு, அதப் போட்டுக்கறேன்."

அவள் பெயரில் மனு போனது. தகவல் இல்லை என்று பதில் வந்தது. அவள் மேல்முறையீடு செய்தாள், அதுவும் தள்ளுபடியானது. விடாமல் அதற்கு மேலேயும் போனாள். அந்தக் கடைசி விசாரணைதான் வெள்ளிக்கிழமை. அங்கே போனால் கிடைத்துவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். ஆபீசருக்கும் தெரியும்.

மூணாம் மாடிக்காரி எழுந்து தம்பியிடம் வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சார், கேக்கக்கூடாது. இந்த நேரத்துல இதக் கேக்கறதே பாவம்" என்றாள்.

"கேளுங்க."

"வெள்ளிக்கிழமைக்கு அக்காவுக்குப் பதிலா யாரு போவாங்க?"

அவள் பின்னால் குடியிருப்பு ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதல் மாடியில் இருக்கும் செக்யூரிட்டி, டியூட்டி முடிந்த சீருடையோடு வந்திருந்தார். எல்லாரும் தம்பியின் வாயைப் பார்த்தார்கள்.

"யாரும் போக முடியாதும்மா" என்றான். "மனு அக்கா பேர்ல இருக்கு. மனு போட்டவங்க இல்லன்னா அதோட முடிஞ்சிடும். சட்டம் அப்படித்தான்."

"அப்ப முதல்லேர்ந்தா?" என்றார் செக்யூரிட்டி. "மறுபடியும் மனு, மறுபடியும் அப்பீலு, மறுபடியும் வருஷக்கணக்குல?"

தம்பியிடம் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லலாமா என்றுதான் யோசித்தான். கூடத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"ஒரு வழி இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினான். "உயிருக்கு ஆபத்துன்னா ரெண்டே நாள்ல காகிதத்தக் குடுத்தாகணும். அக்கா அதையும் கேட்டுப் பாத்தா. 'மனுதாரர் அந்தக் கட்டடத்தில் வசிக்கவில்லை, எனவே அவர் உயிருக்கு ஆபத்து இல்லை'ன்னு பதில் போச்சு. டைப் அடிச்சது நான்தான். அக்கா படிச்சுட்டு, 'சரியாத்தான் சார் எழுதியிருக்கீங்க'ன்னு சிரிச்சா."

"அப்படின்னா?"

"தொட்டிக்குக் கீழ படுத்துத் தூங்கறவங்க கேட்டா தள்ள முடியாது. நீங்க கேட்கணும். உங்க பேர்ல."

"இது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? உங்ககிட்டச் சொன்னா, போடவும் பயம், மாட்டேன்னு சொல்லவும் கூச்சமா நீங்க தவிப்பீங்கன்னு விட்டுட்டா. மெதுவாத்தான் போகும், போகட்டும்னா."

செக்யூரிட்டி தன் தொப்பியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒருவர் படியில் இறங்கிப் போய்விட்டார். மூணாம் மாடிக்காரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போய் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பயம் யாருக்குத்தான் இல்லை, தம்பிக்கே இருந்தது.

மத்தியானம் மயானத்துக்கு எடுத்துப்போகும் வண்டி வந்தது. வண்டிக்காரர் ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு படியேறி வந்து, வாசலில் முதலில் நின்றவளைக் கேட்டார்.

"இறந்தவங்க பேரு என்னங்க?"

முதலில் நின்றவள் மூணாம் மாடிக்காரி. வாயைத் திறந்தாள். "ஜெராக்ஸ் அக்கா" என்றாள்.

"அது கடைப் பேரு. ஆள் பேரு சொல்லுங்க."

அவள் செக்யூரிட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்தார். பின்னால் படியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு பெயர் சொன்னார், அது அடுத்த தெரு டீச்சரின் பெயர். இன்னொருவர் வேறொரு பெயரைச் சொல்லிப் பாதியில் நிறுத்தினார். இத்தனை பேர் அவளைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார்கள், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள். பெயர் கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"என்னங்க இது, ஒருத்தருக்கும் தெரியாதா?" என்று வண்டிக்காரர் சலித்துக்கொண்டார். கூட்டம் தப்பாக வந்துவிட்டதோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

தம்பி உள்ளிருந்து வந்தான். அக்காவின் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னான். வண்டிக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். படியில் நின்றவர்கள் சிலர் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் பேரயா எங்களுக்காகப் போட்டாங்க?" என்றாள் மூணாம் மாடிக்காரி. யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. அப்புறம் வண்டி கிளம்பும்வரை அவள் அழவே இல்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. கூடம் காலியாக இருந்தது. சோபாவை உள்ளே கொண்டுவரும் தெம்பு யாருக்கும் இல்லாததால் அது நடையிலேயே கிடந்தது. தம்பி அதில் போய் விழுந்தான். கண்ணை மூடினால் அக்காவின் விரல் மை தெரிந்தது. திறந்தால் எதிரே நாலு பேர் நின்றார்கள். மூணாம் மாடிக்காரி, செக்யூரிட்டி, இன்னும் இரண்டு பெண்கள்.

"எழுதித் தாங்க அண்ணா" என்றாள் மூணாம் மாடிக்காரி. காலையில் சார், இப்போது அண்ணா.

"நான் அந்தப் பக்கத்து ஆள்மா. நீங்க குடுக்கப்போற மனுவ வாங்க வேண்டியவனே நான்தான். நானே எழுதி நானே வாங்கினா நல்லாவா இருக்கும்?"

வாசலில் நின்ற மாமா மெல்லச் சொன்னார்: "எழுதத் தெரியாம வர்றவங்களுக்கு எழுதிக் குடுக்கறது அந்த சீட்டோட வேலைதான்னு உங்க அக்கா சொல்லுவா. 'என் தம்பி வேலையத்தான் நான் பாக்கறேன், சம்பளம் மட்டும் அவனுக்கு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

அது உண்மைதான். மனு எழுத உதவி கேட்டால் அலுவலகம் உதவ வேண்டும் என்று அவனுடைய நாற்காலிக்குப் பின்னால் பலகையே மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பலகை தெரியும், உட்கார்ந்திருப்பவனுக்கு அது முதுகுப் பக்கம். வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டு நேராக எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

தம்பி எழுந்து உட்கார்ந்து காகிதம் கேட்டான். மாமா கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் வெள்ளைக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

"ஏன் எங்க தலைக்கு மேல எமன உக்கார வச்சிருக்கீங்கன்னு எழுதுங்க" என்றாள் மூணாம் மாடிக்காரி. "போன வாரம் காரை பேந்து என் பொண்ணு படுக்கற இடத்துல விழுந்துச்சு. அன்னிக்கு அவ தண்ணி குடிக்க எழுந்து போனதால தப்பிச்சா. இல்லன்னா என்ன பதில் சொல்லுவீங்கன்னு கேளுங்க."

"எங்க பிள்ளைங்கன்னா இளப்பமான்னு ஒரு வரி" என்றார் செக்யூரிட்டி.

"தட்டிப் பாத்தவர் எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன, வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் இன்னொருத்தி.

தம்பி குறுக்கே பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டான். ஒவ்வொருவராக ஓய்ந்து, மூச்சு விட்டு, அமைதியானதும் சொன்னான்: "சரி, இதுல எந்தக் காகிதம் வேணும்?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. கேள்வியை மட்டும் அல்ல, அந்த இழுத்த 'சரி'யைக்கூட அவன் அவளிடமிருந்துதான் எடுத்திருந்தான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. பேனாவை மடியில் வைத்துவிட்டுப் பச்சைப்பிள்ளையைப்போல அழுதான். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அழுகிறவர்கள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அழுது முடித்ததும் நாலு தாளிலும் எழுதினான். தொட்டியைப் பார்த்துப் பொறியாளர் எழுதிய அறிக்கை, ஒரு நகல். நாங்கள் இந்தத் தொட்டியின் கீழ் வசிக்கிறோம், இது எங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. அவ்வளவுதான். மேலே 'மனுதாரர் பெயர்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டான்.

"இத நான் எழுத மாட்டேன்" என்றான். "நீங்கதான் போடணும்."

மூணாம் மாடிக்காரி தாளை வாங்கி அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனாவை நீட்டினான், வாங்கவில்லை. "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றாள். மற்றவர்களும் தாளைச் சுருட்டிக்கொண்டார்கள். படியில் அவர்கள் இறங்கும் சத்தம் தேய்ந்து போயிற்று.

"வருவாங்களாடா?" என்றார் மாமா.

"தெரியல மாமா."

மறுநாள் காலை தம்பி சட்டை மாட்டிக்கொண்டு அலுவலகம் கிளம்பியதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பயந்து பயந்து வருகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

எதிரே கடைக்குப் பூட்டு போட்டிருந்தது. அதைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்து உட்கார்ந்தான். ஆபீசர் வந்ததும் திடுக்கிட்டார்.

"நீ எதுக்குப்பா வந்த? சான்றிதழா? அதுக்காகவா வந்த, நான்தான் அவசரம் இல்லன்னேனே."

"இன்னும் கிடைக்கல சார். வீட்ல இருக்க முடியல."

ஆபீசர் அவன் தோளை அழுத்திவிட்டு உள்ளே போனார். நிஜமான அனுதாபத்தோடுதான் அழுத்தினார், அது தம்பிக்கும் தெரிந்தது. அதனாலேயே சங்கடமாக இருந்தது.

வரி கட்டுகிறவர்கள் பக்கத்து ஜன்னலில் வந்தார்கள், போனார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு தகப்பன் வந்தான். தம்பியின் ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. நேரம் ஆக ஆக, எழுதிக் கொடுத்தது தப்போ, சாவு வீட்டு உணர்ச்சியில் அவர்களை மாட்டிவிடப் பார்த்தோமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தேநீர் இடைவேளைக்கு மணியடித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் மூணாம் மாடிக்காரி உள்ளே வந்தாள். கடைச் சீருடையில் இருந்தாள், வேலையில் அரை மணி கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். பின்னால் செக்யூரிட்டி. அவருக்குப் பின்னால் நேற்று வந்த இரண்டு பெண்கள். அவர்களுக்கும் பின்னால், நேற்று வராத நாலைந்து பேர், நேற்றுப் படியில் இறங்கிப் போனவரும் உட்பட.

தாளை ஜன்னலுக்குள் நீட்டினாள். பெயர் போடும் இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

"கை நடுங்குது" என்றாள். "நான் சொல்றேன், நீங்க எழுதிக்கங்க."

தம்பி பேனாவைத் திறந்தான். "பெயர்?"

அவள் வாயைத் திறக்கவும் உள்கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ஆபீசர் வெளியே வந்தார். வரிசையைப் பார்த்தார். இந்த முகங்கள் எந்தக் குடியிருப்பு என்று அவருக்கும் தெரியும். வாடகைக் கோப்பில் அவர் பார்க்காத முகமா?

"என்னம்மா, என்ன மனு?" என்றார். குரலில் அதட்டல் ஒன்றும் இல்லை. ஆனாலும் வரிசை ஒரு அடி பின்வாங்கியது.

மூணாம் மாடிக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆபீசரைப் பார்த்தே தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னாள். கட்டடத்தையும் மாடியையும் கதவு எண்ணையும் சொன்னாள். தம்பி எழுதிக்கொண்டே போனான்.

ஆபீசர் கை நீட்டித் தாளை வாங்கினார். மூன்றே வரி. ஆனாலும் நெடுநேரம் படித்தார்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

அந்தக் கையெழுத்தைத் தினமும் பார்க்கிறவர் அவர். தெரியாமல் கேட்கவில்லை.

"நான்தான் சார்" என்றான் தம்பி. "உதவி கேட்டாங்க."

ஆபீசர் அவனைப் பார்த்தார். அப்புறம் அவன் தலைக்கு மேலே, பின்சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். அதை அவர் அதுவரை படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சீல் போட்டுக் குடு" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தாமலேயே போனை எடுத்தார். "பொறியாளர் சார் இருக்காரா? அந்தத் தொட்டி ரிப்போர்ட்டு... இல்ல இல்ல, அந்த விஷயம் இன்னும் முடிஞ்சிடல. இப்ப வேற மாதிரி வந்திருக்கு. ரெண்டு நாள்தான் டைம். எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

தம்பி சீலை மையில் ஒற்றி அழுத்தினான். மூணாம் மாடிக்காரி ஒப்புகைச் சீட்டை வாங்கி ஓரமாக நின்றாள், வேலைக்கு ஓடவில்லை.

செக்யூரிட்டி ஜன்னலுக்கு வந்து நிமிர்ந்து நின்றார். யாரும் கேட்பதற்கு முன்பே தன் பெயரைச் சொன்னார். பக்கத்து ஜன்னலில் வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். தம்பி எழுதினான். அவர் கம்பி வழியாகத் தலையைச் சாய்த்துத் தாளைப் பார்த்தார்.

"இனிஷியல விட்டுட்டீங்க" என்றார். "அதையும் போடுங்க."